பட்டர்வொர்த் ஹாலேஜ் சேவை: இழுவை சுத்தம், பில்தான் குழப்பம்

தூத்துக்குடியிலிருந்து பருப்பும் வத்தலும் இறக்கும் பினாங்கு லிட்டில் இந்தியா வியாபாரிகளுக்கு, பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுக்கும் ஹாலேஜ் கம்பெனிகளின் வேலையில் பெரிய குறை இல்லை. குறை பில்லில்தான். கோட்டேஷனில் எழுதியிருப்பது இழுவைக் கூலி மட்டும். மிச்சமெல்லாம் மாதக் கடைசியில் வரும்.

முதல் குழப்பம் 'டிடென்ஷன்' (தாமதக் கட்டணம்) என்ற ஒற்றை வார்த்தை. அதற்குள் மூன்று கணக்கு கலந்து கிடக்கிறது. பெட்டி துறைமுகத்திலேயே கிடந்தால் ஏறுவது துறைமுகத்தின் ஸ்டோரேஜ். வாசலைத் தாண்டியதிலிருந்து காலிப் பெட்டி டிப்போவுக்கு (காலிப் பெட்டிகளைத் திருப்பி வாங்கும் இடம்) திரும்பும்வரை ஓடுவது கப்பல் கம்பெனியின் கணக்கு. டிரெய்லர் உங்கள் கிடங்கில் நிற்கும் நாளுக்கு வாங்குவது ஹாலேஜ் கம்பெனியின் வாடகை. கடைசி இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். சரக்கு இறக்க ஆள் வராத ஒரு நாளுக்கு இரண்டு பக்கமும் காசு போகும். தைப்பூசம், தீபாவளி வாரத்தில் பெட்டி வருவதாக இருந்தால், கட்டணம் ஓடத் தொடங்கும் முன் விடும் இலவச நாள் கணக்கில் விடுமுறை நாளும் சேருமா என்று மூவரிடமும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது டோல். பினாங்குப் பாலத்தில் தீவுக்குள் வரும்போது மட்டும்தான் வசூல். ஆனால் டிரெய்லரை விட்டுவிட்டுப் பிரைம் மூவர் (அதை இழுக்கும் முன் வண்டி) திரும்பிப் போனால், காலிப் பெட்டியை எடுக்க மறுபடி பாலம் ஏற வேண்டும். ஒரு பெட்டிக்கு இரண்டு டோல் விழுவது இப்படித்தான். அதே வண்டி இன்னொருவர் பெட்டியையும் கொண்டுவந்திருந்தால் அந்த டோலை யார் தலையில் கட்டினார்கள் என்று கேட்பதில் தப்பில்லை. 40 அடிப் பெட்டி எப்படியும் லிட்டில் இந்தியா சந்துக்குள் நுழையாது; பாலம் ஏறுமுன் பெருநிலத்திலேயே பிறைப் பக்கம் கிடங்கில் இறக்கி, சின்ன லோரியில் கொண்டுவருவது பல நேரம் மலிவு.

டிப்போ கேட் கட்டணம் நியாயமானதே: டிப்போ ஹாலேஜ் கம்பெனியிடம் வாங்குகிறது, அவர்கள் உங்களிடம் வாங்குகிறார்கள். ரசீது கேளுங்கள், போதும். டீசல் கூடுதல் கட்டணம் வேறு கதை. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10-இல் டீசல் லிட்டருக்கு 2.15-லிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. விலை ஏறினால் கூலியின் மேல் போடும் இந்தச் சதவீதத்தை ஏற்றுபவர்கள், இறங்கினால் இறக்குவார்களா? கோட்டேஷனிலேயே அது இருக்க வேண்டும்.

சுங்க அனுமதி முடியாமல் வண்டியை வரச் சொன்னால் வெறும் பயணத்துக்கும் கூலி உண்டு. அது நம் தவறு. காலிப் பெட்டியை எந்த டிப்போவில் விட வேண்டும் என்பதையும் இழுப்பதற்கு முன்பே பாருங்கள். கிள்ளான் துறைமுகம் என்று இருந்தால் கூலியின் கணக்கே மாறிவிடும்.

பெட்டி துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது கொடுக்கும் சீட்டில் நசுங்கல், ஓட்டை பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, சீல் உடைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். மஞ்சள், மிளகாய்த் தூள் சிந்தியிருந்தால் நன்றாகப் பெருக்கிவிட்டு அனுப்புங்கள். கறையோ நெடியோ இருந்தால் கழுவும் கூலி டிப்போவிலிருந்து வரும்.

மதிப்பெண் (5-க்கு): இழுவைக்கு 4, பில்லுக்கு 2.