ஆறு ஏர்பேக் காருக்குச் சாதா பாலிசியா, ஜீரோ டெப்பா?

பாரத் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய காருக்கு இன்சூரன்ஸ் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். பிறருக்கு ஆகும் பாதிப்புக்கான, கட்டாயமான தேர்ட் பார்ட்டி பகுதியில் அப்படி எதுவும் கிடையாது. பெட்ரோல், டீசல் கார்களுக்கு அங்கே எஞ்சின் அளவான சிசிதான் கணக்கு. 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த கட்டணப்படி, 1000 சிசிக்கு மேல் 1500 வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். நட்சத்திரமே வாங்காத காருக்கும் இதே தொகைதான். உயிரைக் காக்கும் காருக்கு ஒரு சலுகைகூட இல்லை என்பது நியாயமாகப் படவில்லை.

சரி, நம் காருக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி? சாதா பாலிசியில் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிவு. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. ஆனால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரியோடு ஏர்பேக்கையும் சேர்த்து 50 சதவீதம் கழித்துவிடுகிறார்கள், வண்டி புதிதாக இருந்தாலும்.

இரண்டரை வயதான 1200 சிசி கார் முன்பக்கம் மோதியது என்று வைத்துக்கொள்வோம். பானெட் 20,000, பம்பர் 12,000, விரிந்த இரண்டு ஏர்பேக் 60,000, ஆக பாகங்களுக்கு மட்டும் 92,000 ரூபாய். சாதா பாலிசியில் பானெட்டுக்கு 15 சதவீதம், மற்றவற்றுக்குப் பாதி போகும். ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாயையும் சேர்த்தால் நம் கையிலிருந்து 40,000. அதில் 30,000 ஏர்பேக்குக்கு மட்டுமே!

பம்பர் டு பம்பர் என்று ஷோரூமில் சொல்லும் ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காத பாலிசி இருந்தால் அந்த 1,000 ரூபாயோடு முடிந்திருக்கும். பிரீமியம் கூடும்தான். பல நிறுவனங்கள் ஆண்டுக்கு இரண்டு கிளெய்முக்கு மேல் ஏற்பதில்லை. வண்டிக்கு ஐந்து வயதானால் தரவும் தயங்குவார்கள். பாலிசித் தாளில் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஏர்பேக்கும் சென்சாரும் நிறைந்த புதுக் காருக்கு நான் ஜீரோ டெப்தான் சொல்வேன். அப்புறம், சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். கிளெய்ம் போடாமல் இருந்தால் ஐந்து ஆண்டில் 50 சதவீதம் வரை ஏறும் பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். எட்டு, பத்து வயதான, உதிரிபாகம் மலிவாகக் கிடைக்கும் சின்ன வண்டிக்குச் சாதா பாலிசியே போதும்.