ஸ்டோரேஜ் ஹீட்டரின் சேஃப்டி வால்வு: எது வாங்கலாம், சொட்டினால் என்ன பார்ப்பது

வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் குளியலறைக்கு, நீரைத் தொட்டியில் சூடாக்கி வைக்கும் ஸ்டோரேஜ் ஹீட்டர் வாங்குபவர்கள் எத்தனை லிட்டர், தொட்டிக்கு எத்தனை ஆண்டு வாரண்டி என்று கேட்பார்கள். பெட்டிக்குள் ஒரு சின்ன உறையில் கிடக்கும் அரை அங்குலப் பித்தளை சேஃப்டி வால்வை, அழுத்தம் மிஞ்சினால் நீரை வெளியே விடும் அந்த வால்வை, யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. குளிர்நாட்டு வீடுகளின் வெப்பமூட்டும் பாய்லரில் அழுத்தம் காட்டும் முள் இருக்கும். 1 முதல் 1.5 பாருக்குள் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். நம் ஹீட்டரில் முள் கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை வால்வில் சொட்டும் நீரை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

கடையில் கிடைப்பது இரண்டு வகை. பரவலாக வருவது, நீரைத் திரும்பிப் போக விடாத செக் வால்வும் சேஃப்டி வால்வும் ஒரே உடலில் சேர்ந்தது. குளிர்நீர் நுழையும் வாயில் பூட்டுவார்கள். பெரும்பாலும் 8 பாரில் திறக்கும். மலிவு, மாற்றவும் எளிது. ஆனால் இதற்கு வெப்பம் தெரியாது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் கைவிட்டால், 8 பார் அழுத்தத்தில் நீர் 170 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். தொட்டி பிளந்தால் அந்த நீர் நொடியில் ஆவியாகும். இரண்டாவது வகையான டி-பி வால்வு, அழுத்தம் ஏறினாலும் திறக்கும், சுமார் 99 டிகிரியைத் தொட்டாலும் திறக்கும். அதன் உணர்கோல் தொட்டியின் மேல்பகுதிச் சுடுநீருக்குள் இருக்க வேண்டும் என்பதால், அதற்கென வாய் உள்ள தொட்டியில் மட்டுமே பொருந்தும். வாய் இருந்தால் யோசிக்காமல் இதையே வாங்கலாம். சிறிய தொட்டிகள் பலவற்றில் அந்த வாய் இருப்பதில்லை.

இனி சொட்டு விஷயம். 27 டிகிரி நீர் 70 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 2 விழுக்காடு விரியும். 25 லிட்டர் தொட்டியில் அது கிட்டத்தட்ட அரை லிட்டர். செக் வால்வு பின்னால் போக விடாததால், அந்த நீர் வால்வு வழியாகத்தான் வெளியேறும். ஆகவே சூடாகும்போது சொட்டுவது கோளாறு அல்ல. ஒரு அளவுக் குவளையைக் கீழே வையுங்கள். ஒருமுறை சூடாக்கி முடிப்பதற்குள் அரை லிட்டருக்கு மேல் சேர்ந்தாலோ, சுவிட்சை அணைத்து இரண்டு மணி நேரம் ஆகியும் சொட்டினாலோதான் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் ஹீட்டரை அணைத்து, நீர் ஆறிய பிறகு நெம்புகோலை நாலைந்து முறை தூக்கி விடுங்கள். வால்வின் அடைப்பு உட்காரும் இடத்தில் சிக்கிய துகள் போய்விடும். அப்படியும் நிற்காவிட்டால், 0–10 பார் கேஜை (அழுத்தமானியை) ஒரு குழாயில் பூட்டி இரவில் அளந்து பாருங்கள். யாரும் நீர் எடுக்காத நேரத்தில்தான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். 5 பாருக்கு மேல் காட்டினால், வால்வை மாற்றிப் பயனில்லை, 3 பாருக்கு அமைத்த ரெடியூசர் (அழுத்தக் குறைப்பான்) வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தால் வால்வின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

எக்காரணம் கொண்டும் சொட்டும் வாயை அடைக்காதீர்கள். ஃபால்ஸ் சீலிங் நனைகிறதே என்று அதில் மூடி போட்டுவிடும் ஆட்களும் இருக்கிறார்கள்; அதைவிட ஹீட்டரைக் கழற்றிவிடுவது மேல். ஒரு சிறு குழாயை இறக்கமாகத் தரைச் சாக்கடை வரை கொண்டுவந்தால் போதும்.

வால்வு காய்ந்திருக்க, தொட்டியின் அடியில் மட்டும் ஈரம் என்றால் காரணம் வேறு. டிஷ்யூவை ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றிப் பாருங்கள். ஃபிளெக்சிபிள் ஹோஸின் வாஷரும் எலிமெண்ட் கேஸ்கெட்டும் மாற்றக்கூடியவை. வெளி உறைக்குள்ளிருந்து துருநிற நீர் வந்தால் தொட்டியே ஓட்டையாகியிருக்கலாம், ஒட்டுப்போட்டு மீளாது. தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிந்து தேயும் மக்னீசிய ஆனோடை இரண்டு ஆண்டுக்கொருமுறை பார்த்திருந்தால் அந்த ஓட்டையைத் தள்ளிப்போட்டிருக்கலாம்.

சுடுநீர் மட்டும் மெல்லிசாக வந்தால், நுழைவு ஸ்டாப்காக் முழுதாகத் திறந்திருக்கிறதா, மிக்சர் வடிகட்டியில் மணல் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக செக் வால்வைச் சந்தேகியுங்கள்.

மாற்றும்போது உடலிலுள்ள அம்புக்குறி தொட்டியை நோக்கி இருக்கட்டும். வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவே ஸ்டாப்காக் கூடாது. டெஃப்லான் டேப்பை மரையின் திசையில் பத்துச் சுற்று. தொட்டி வாயை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் வாயே திருகிவிடும். சுடுநீர்க் குழாயைத் திறந்து, காற்றுப் போய் நீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். காலித் தொட்டியில் எலிமெண்ட் சில நிமிடங்களில் கருகிவிடும்.