‘எங்கே, எப்போது’ என்று கேட்பதா, எடுத்துப் பார்ப்பதா?

ஆங்கில வசனத்தில் அட்ஜங்ட், அதாவது வேர்ப் (வினைச்சொல்) கட்டாயமாகக் கேட்காத கூடுதல் விவரம், எது என்று காட்ட வன்னி வகுப்புகளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கேள்வி வழி: வேர்ப்பைப் பார்த்து எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்று கேட்டால் விடையாக வருவது அட்ஜங்ட். மற்றது எடுத்துப் பார்க்கும் வழி: அந்தச் சொற்களை வசனத்திலிருந்து எடுத்துவிட்டு, மிச்சம் முறியாமல் நிற்கிறதா என்று பார்ப்பது; நின்றால் எடுத்தது அட்ஜங்ட். சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைக்கு நான் தெரிவு செய்தது இரண்டாவது வழியை.

கேள்வி வழியின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தரம் 6 பிள்ளைக்கு அது உடனே விளங்கும். ‘ஹி வென்ட்’ என்று மொட்டையாக எழுதியவனிடம் எங்கே, எப்போது, யாரோடு என்று கேட்டால் வசனம் தானாக வளரும். வசனத்தை வளர்க்க அது நல்ல கருவி. வசனத்தைப் பிரித்துப் பார்க்கத்தான் அது போதாது.

‘ஷி லிவ்ஸ் இன் மாங்குளம்’, ‘ஷி வேர்க்ஸ் இன் மாங்குளம்’ என்ற இரண்டையும் எடுங்கள். எங்கே என்று கேட்டால் இரண்டிலும் ஒரே விடை. கேள்வி வழியில் இரண்டும் அட்ஜங்ட் ஆகிவிடும். இப்போது ‘இன் மாங்குளம்’ என்பதை எடுத்துவிடுங்கள். ‘ஷி வேர்க்ஸ்’ நிற்கிறது. அவளுக்கு வேலை இருக்கிறது என்ற செய்தி கெடவில்லை. ‘ஷி லிவ்ஸ்’ என்பதோ உயிரோடு இருக்கிறாள் என்று பொருள் மாறிவிடுகிறது. வேர்ப் கேட்டு வாங்கிய பகுதி அது; அதன் பெயர் கொம்ப்ளிமென்ட். ‘ஹி புட் த பாக் ஒன் த பெஞ்ச்’ இன்னும் வெளிப்படை. ‘ஒன் த பெஞ்ச்’ போனால் வசனமே விழுந்துவிடும்.

எடுத்துப் பார்ப்பதிலும் ஓர் ஓட்டை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ‘ரவி ஏட் பிட்டு அட் ஹோம்’ என்பதில் ‘பிட்டு’வை எடுத்தாலும் வசனம் நிற்கும். ஆனால் பிட்டு அட்ஜங்ட் அல்ல, ஒப்ஜெக்ட் (செயப்படுபொருள்). ஆகவே இரண்டாவது சோதனையாக ‘டிட் ஸோ’ (அப்படியே செய்தான்) போட்டுப் பார்க்க வேண்டும். ‘ரவி ஏட் பிட்டு அட் ஹோம் அண்ட் குமார் டிட் ஸோ அட் ஸ்கூல்’ சரியாக வருகிறது. ‘குமார் டிட் ஸோ இடியப்பம்’ வராது. ‘டிட் ஸோ’வுக்குப் பின்னால் நிற்கக்கூடியதுதான் அட்ஜங்ட்.

ஆனால் என்னை இந்தப் பக்கம் சாய்த்தது இந்தச் சோதனைகள் அல்ல, கட்டுரையில் சொற்கள் விழும் இடம். நம் பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவது அங்கேதான்.

‘அவள் நேற்றுச் சந்தையில் மரக்கறியை மலிவாக விற்றாள்.’ விற்றாள் என்பதிலிருந்து பின்னோக்கி வாசியுங்கள்: மலிவாக, மரக்கறியை, சந்தையில், நேற்று. ஆங்கிலம்: ‘ஷி சோல்ட் த வெஜிடபிள்ஸ் சீப்லி அட் த மார்க்கெட் யெஸ்டர்டே.’ சந்தையும் நேற்றும் கண்ணாடியில் தெரிவதுபோல அப்படியே வந்துவிட்டன. மலிவாகவும் மரக்கறியும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. அந்த ஓர் இடத்தில்தான் பிள்ளை ‘ஷி சோல்ட் சீப்லி த வெஜிடபிள்ஸ்’ என்று எழுதுகிறது. ‘ஐ லைக் வெரி மச் கிரிக்கெட்’ என்பதும் இதே பிழைதான்.

காரணம் நம் ‘ஐ’ உருபு. ‘மரக்கறியை’ என்று உருபு ஒட்டியிருப்பதால் அது வசனத்தில் எங்கே நின்றாலும் செயப்படுபொருள் என்று தெரியும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி உருபு இல்லை. வேர்ப்பை ஒட்டி நிற்பதுதான் அதற்கு அடையாளம். இடையில் அட்ஜங்ட்டை நுழைத்தால் அந்த ஒட்டு அறுந்துவிடுகிறது. கேள்வி வழி ‘சீப்லி’ எப்படி என்பதற்கு விடை என்று மட்டும் சொல்லும். எங்கே வைப்பது என்று சொல்லாது. எடுத்துப் பார்த்த பிள்ளைக்கோ, எடுக்கக்கூடியது கடைசிக்குப் போகலாம், எடுக்கமுடியாதது வேர்ப்போடு நிற்க வேண்டும் என்ற கணக்குக் கையில் வந்துவிடும். ஒப்ஜெக்ட் மிக நீளமாக இருந்தால் இந்த விதி தளரும். அதைச் சாதாரண தரத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘ஓல்வேஸ்’, ‘ஒஃபன்’ போன்றவற்றுக்கு மட்டும் தனி இடம்: முதன்மை வேர்ப்புக்கு முன்னால், ‘இஸ்’, ‘வோஸ்’ ஆகியவற்றுக்குப் பின்னால்.

எடுத்த சொல்லை வேறிடத்துக்கு நகர்த்திப் பார்ப்பதில் இன்னொன்றும் பிடிபடும். ‘ஹி டிட் நொட் ஆன்ஸர் ஹொனஸ்ட்லி’ என்றால் பதில் சொன்னான், நேர்மையாகச் சொல்லவில்லை. ‘ஹொனஸ்ட்லி, ஹி டிட் நொட் ஆன்ஸர்’ என்றால் அவன் பதிலே சொல்லவில்லை. உண்மையாகச் சொல்கிறேன் என்பது பேசுபவரின் குரல். முன்னது வேர்ப்பைத் தழுவுகிறது, பின்னது முழு வசனத்தையும். எப்படி என்று கேட்டால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

இரண்டு பொருள் தரும் வசனத்தில் ஒப்ஜெக்ட்டுக்குப் பதிலாக ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஹி ரிபெயர்ட் த பம்ப் இன் த ஷெட்.’ கொட்டிலில் வைத்துத் திருத்தினானா, கொட்டிலில் இருந்த பம்பைத் திருத்தினானா? ‘ஹி ரிபெயர்ட் இட் இன் த ஷெட்’ என்று எழுதினால் கொட்டில் திருத்திய இடம், அட்ஜங்ட். ‘ஹி ரிபெயர்ட் இட்’ என்பதற்குள்ளேயே கொட்டிலும் அடங்கிவிட்டால் அது பம்பின் அடைமொழி.

‘ஹி கட் த ரோப் வித் எ நைஃப்’ போன்ற கருவித் தொடர்களில் இலக்கணகாரரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எடுத்துப் பார்த்தாலும் அங்கே முடிவு தெளிவாக வராது. அதை வகுப்பில் கேள்வியாகக் கொடுக்காதீர்கள். தரம் 8 வரை கேள்வி வழியிலேயே போகட்டும். தரம் 9 தொடங்கும்போது, பிள்ளை தானே எழுதிய கட்டுரையிலிருந்து ஐந்து வசனங்களை எடுத்து, எடுக்கக்கூடிய பகுதிகளுக்குப் பென்சிலால் அடைப்புப் போடச் சொல்லுங்கள். வேர்ப்புக்கும் ஒப்ஜெக்ட்டுக்கும் நடுவே அடைப்பு விழுந்த வசனம்தான் திருத்த வேண்டிய வசனம்.