1080-லேயே ஏற்றுவதா, 1440-க்குப் பெரிதாக்கி ஏற்றுவதா?

வீடியோ கேம் ஆட்டத்தைப் பதிவு செய்த கோப்பைக் கணினியில் ஓட்டிப் பார்த்தால் புல் புல்லாகவே தெரிகிறது. யூடியூபில் ஏற்றியதும் அதே புல்வெளி பச்சைக் களியாகிவிடுகிறது. உடனே பலரும் கை வைப்பது ரெக்கார்டிங் செட்டிங்கில். பிட்ரேட்டை (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் தரவின் அளவை) இரட்டிப்பாக்குவார்கள், கோப்பு பெருக்கும், களி களியாகவே இருக்கும்.

ஏனென்றால் எதைக் கொடுத்தாலும் யூடியூப் அதை மறுபடி சுருக்கித்தான் வைத்துக்கொள்ளும். எந்தக் கோடெக்கில் (சுருக்கும் முறையில்) சுருக்குகிறது என்பதில்தான் சூட்சுமம். சின்னச் சேனல் 1080-ல் (அதாவது படத்தின் உயரம் 1080 பிக்சல்) ஏற்றினால் பெரும்பாலும் பழைய எச்.264 தான் கிடைக்கும். 1440 அல்லது அதற்கு மேல் ஏற்றினால் பொதுவாக விபி9 கிடைக்கும். அதே பிட்ரேட்டில் விபி9 கூடுதல் விவரத்தைக் காப்பாற்றும். அந்த வீடியோவை 1080-ல் பார்ப்பவருக்கும் விபி9 பதிப்பே போய்ச்சேரும் என்பது உபரி லாபம். சந்தேகமிருந்தால் ஓடும் வீடியோமேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ பெட்டியைத் திறந்து பாருங்கள். கோடெக்ஸ் வரியில் ஏவிசி1 என்றிருந்தால் பழையது, விபி09 என்றிருந்தால் விபி9.

ஆகவே 1080 திரையில் ஆடுபவரும் எடிட்டரில் 1440-க்குப் பெரிதாக்கி ஏற்றுவதே மேல் என்பேன். இல்லாத விவரம் இதனால் புதிதாக முளைக்காது. இருப்பது குறைவாக அழியும், அவ்வளவே. விலையும் உண்டு. நொடிக்கு 60 ஃபிரேம் வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட் 1080-க்கு 12 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), 1440-க்கு 24. அப்லோட் நேரமும் அதே கணக்கில் இரட்டிப்பாகும். மெதுவான இணைப்பு உள்ளவர்கள், அசைவு குறைந்த சதுரங்கம், சீட்டு மாதிரி ஆட்டங்களைப் போடுபவர்கள் 1080-லேயே நிற்கலாம், பெரிய நஷ்டமில்லை. மழை, இலை, புகை, வேகமாகத் திரும்பும் கேமரா என்று இருக்கும் ஆட்டங்களில்தான் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். பிக்சல் ஆர்ட் ஆட்டமென்றால் 1440 வேண்டாம். நேராக 2160-க்குப் போங்கள். அது 1080-க்குச் சரியாக இரண்டு மடங்கு என்பதால் பிக்சலை அப்படியே நகலெடுத்துப் பெரிதாக்கும் ‘நியரஸ்ட் நெய்பர்’ முறையில் ஒவ்வொரு கட்டமும் கூர்மையாகவே நிற்கும்.

இனி பதிவு. ஓபிஎஸ் என்னும் பதிவு மென்பொருளில் சிபிஆரா (மாறாத பிட்ரேட்), சிக்யூபியா (மாறாத தரம்)? லைவ் போடுபவருக்கு சிபிஆர், கோப்பாகப் பதிபவருக்கு சிக்யூபி. எனக்கு இதில் இரண்டாம் கருத்தே இல்லை. சிபிஆர் நொடிக்கு நொடி ஒரே அளவு தரும். அசையாத மெனு திரைக்கும் அதே பங்கு, வெடிகுண்டு விழுந்து திரை முழுக்கப் புகையாகும் நொடிக்கும் அதே பங்கு. முன்னதில் வீண், பின்னதில் பற்றாக்குறை. சிக்யூபியில் நீங்கள் நிர்ணயிப்பது தரத்தை; பிட்ரேட் காட்சிக்கேற்ப ஏறி இறங்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும். 18 முதல் 20 வரை வைத்துத் தொடங்கலாம். கோப்பு கனக்கும்: சராசரி 50 எம்பிபிஎஸ் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி. யூடியூப் எப்படியும் ஒருமுறை சுருக்கப்போகிறது, நம் கையால் முன்னதாகவே ஏன் நசுக்க வேண்டும்?

சிபியு மூலம் சுருக்கும் எக்ஸ்264 நல்ல என்கோடர்தான். அதன் மெதுவான ப்ரீசெட்கள் (தயார் அமைப்புகள்) குறைந்த பிட்ரேட்டில் அழகாக வேலை செய்யும். ஆனால் ஆட்டமும் அதே சிபியுவைக் கேட்கிறதே! பிட்ரேட் தாராளமாக இருக்கும்போது கிராஃபிக்ஸ் கார்டின் என்கோடர் (என்விடியாவில் என்விஎன்சி, இன்டெலில் குவிக் சிங்க்) தருவதற்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஃபிரேம் விழாமல் இருப்பதே முக்கியம்.

கோப்பு வடிவம் எம்கேவியா, எம்பி4ஆ என்பதற்கு ஒரே பதில்: சாதாரண எம்பி4 பதிவின் நடுவே கணினி நின்றுபோனால் கோப்பு திறக்காமலே போகலாம், எம்கேவியில் அதுவரை பதிந்தது மிஞ்சும். எடிட்டர் எம்கேவியை ஏற்காவிட்டால் ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் (மறுபடி சுருக்காமல் எம்பி4-க்கு மாற்றுவது) செய்துகொள்ளுங்கள். தரம் துளியும் குறையாது.

ஏற்றியவுடன் பப்ளிக் ஆக்கிவிட வேண்டாம். குறைந்த தரப் பதிப்பு முதலில் தயாராகும், 1440 பின்னால்தான் வரும். தரப் பட்டியலில் 1440 தெரியும் வரை அன்லிஸ்டட்டில் (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும் நிலையில்) வைத்திருங்கள்.