மூன்று சாவியையும் ஒரே ஆள் செய்து கொடுத்தால் வாங்காதீர்கள்

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு துபாயில் வேலை. இருவரும் சேர்த்த பிட்காயின் ஐந்து வருடமாக என் போனில் ஒரே வாலட்டில் கிடந்தது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவனுக்கு வழியில்லை. அதனால் மல்டிசிக் வாலட்டுக்கு மாறினோம். சாவி மூன்று, எந்த இரண்டு கையெழுத்து விழுந்தாலும் பணம் நகரும். எனக்கொன்று, தம்பிக்கொன்று, ராமநாதபுரத்தில் லாத்தா (அக்கா) வீட்டில் ஒன்று.

தெரிந்தவர் சொல்லி ஒருவர் வந்தார். கூலி 12,000 ரூபாய். மூன்று சாவியையும் தன் லேப்டாப்பிலேயே உருவாக்கினார். சாவிக்கு 24 சொற்கள்; அந்தச் சொற்கள் தெரிந்தவரிடம் சாவியே இருப்பதாக அர்த்தம். உப்புக்காற்றில் தகரப்பெட்டியே துருப்பிடிக்கிற ஊர், காகிதம் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டு, பாத்திரத்தில் பேர் வெட்டுவதுபோல எவர்சில்வர் தகட்டில் வெட்டித் தந்தார். அவ்வளவு நேர்த்தி. உம்மாகூட வாங்கிப் பார்த்தார். லீவில் வந்திருந்த தம்பி தன் தகட்டை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போனான். வெட்டியவருக்கு 72 சொற்களும் தெரியுமே என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நான்கு மாதம் கழித்து, நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், இருப்பு பூஜ்யம்.

அவருக்குப் போன் போட்டேன். "ரெண்டு கையெழுத்து இல்லாம போகாது பாய், உங்க வீட்டுக்குள்ளயே விசாரிங்க" என்றார். தம்பி கேட்டான்: "காக்கா, நீங்களும் லாத்தாவும் சேர்ந்து எடுத்தீங்களா?" பதினோரு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. அந்த ஆளை நான் மன்னிக்க முடியாதது இதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் படித்த மச்சான்தான் முடிச்சை அவிழ்த்தார். எங்களுடையது போன்ற மல்டிசிக் முகவரியிலிருந்து பணம் வெளியேறும்போது மூன்று பொதுச்சாவிகளும் (ஒவ்வொரு சாவிக்கும் உள்ள, வெளியே காட்டக்கூடிய இணை; அதை வைத்துப் பணம் எடுக்க முடியாது) இரண்டு கையெழுத்துகளும் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் பதிவாகும். எந்தச் சாவி கையெழுத்திட்டது என்று சரிபார்க்கலாம். விழுந்திருந்தது என் சாவியும் தம்பியின் சாவியும். என் தகடு பீரோவில், அவனுடையது துபாயில். கையெழுத்துப் போடவில்லை என்று அவனுக்கே தெரியும். அன்று இரவு அவனே அழைத்தான்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். போன பரிவர்த்தனையைத் திருப்ப முடியாது. டெலிகிராமில் ஒருவர் மீட்டுத் தருவதாக முன்பணம் கேட்டார். கொடுக்கவில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள்.

வாலட் அமைக்க வருகிறவருக்கு உங்கள் சொற்கள் தேவையே இல்லை, எக்ஸ்பப் எனும் பொதுச்சாவி போதும். சொற்களை அவரவர், சாவியை வைத்திருக்கும் சொந்தக் கருவியில் (ஹார்டுவேர் வாலட்), தனியாக, உருவாக்க வேண்டும். ஏற்கெனவே சொற்கள் எழுதிய அட்டையோடு பெட்டியில் வரும் கருவி வேண்டவே வேண்டாம். இன்னொன்றும் எங்களுக்குத் தராமல் விட்டார்: மூன்று பொதுச்சாவிகளும் அடங்கிய அமைப்புக் கோப்பு. ஒரு தகடு தொலைந்து, அதன் பொதுச்சாவியும் எங்கும் இல்லையென்றால், மீதி இரண்டு தகடும் கையில் இருந்தும் வாலட்டைத் திறக்க முடியாது. தகட்டோடு அதன் நகலும் இருக்கட்டும். சிறு தொகை போட்டு, கருவியில் உள்ளதை அழித்து, சொற்களிலிருந்து மீட்டுப் பார்த்த பிறகே மீதியை அனுப்புங்கள். இவ்வளவும் செய்ய முடியாதென்றால், நீங்களே உருவாக்கிய ஒற்றைச் சாவி மேல்.

வெளிநாட்டில் ஆள் உள்ள வீடுகளாகப் பார்த்து அவர் இன்னும் இந்த வேலையைச் செய்கிறார் என்று கேள்விப்படுகிறேன். யாரிடமாவது இப்படித் தகடு வெட்டி வாங்கியிருந்தால் கருவியின் பின் நம்பரை மாற்றிப் பயனில்லை. இன்றைக்கே புதுச் சாவிகள் உருவாக்கி, பணத்தை அங்கே மாற்றுங்கள்.