கன உலோக ரத்தப் பரிசோதனை: வியாசர்பாடியில் வீட்டுக்கே வந்து எடுத்தது

என் தந்தை வியாசர்பாடியில் 26 ஆண்டுகள் பேட்டரிப் பட்டறையில் ஈயம் உருக்கியவர். வேலையை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் வலக்கை நடுங்கத் தொடங்கவே, ஞாபக மறதி, பார்கின்சன் ஆகியவற்றின் அபாயத்தை முன்கூட்டியே சொல்வதாக விளம்பரம் செய்த ஒரு தனியார் ஆய்வகத்தில், ஈயம், ஆர்சனிக் போன்ற கன உலோகங்களை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனைத் தொகுப்பை 3,400 ரூபாய்க்குப் பதிவு செய்தேன்.

ரத்தம் எடுக்க வந்த இளைஞரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னபடி காலை ஆறரைக்கே வந்து, உலோகக் கலப்பில்லாத கருநீல மூடிக் குழாயில்தான் எடுத்தார். சாதாரணக் குழாயாக இருந்தால் குழாயில் உள்ள உலோகமே முடிவைக் கெடுத்துவிடக்கூடும். ஆனால் மூன்று நாட்களாவது மீன் சாப்பிடக் கூடாது என்று பதிவின்போது யாருமே சொல்லவில்லை. முந்தைய நாள் காசிமேட்டுச் சங்கராவை இரண்டு வேளையும் ஒரு பிடி பிடித்திருந்த தந்தைக்கு, ஆர்சனிக் சிவப்பு எழுத்தில் வந்தது. கடல் மீனில் இருப்பது பெரும்பாலும் தீங்கற்ற கரிம ஆர்சனிக். மொத்த அளவை மட்டும் பார்க்கும் சோதனைக்கு அந்த வேறுபாடு தெரியாது. மீனை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது அளவு இயல்பாக இருந்தது, கட்டணம்தான் இரண்டாவது முறையும் போனது.

ஈயம் டெசிலிட்டருக்கு 7.2 மைக்ரோகிராம் இருந்தது. ஆய்வகம் வைத்திருந்த வரம்பு 10 என்பதால் அறிக்கை அதை 'இயல்பு' என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ 5 ஆனாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. அதைவிடப் பெரிய குறை, விளம்பரம் சொன்னதை இந்தச் சோதனையால் சொல்லவே முடியாது என்பது. ரத்தத்தில் சேர்ந்த ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். உடலில் தங்கும் ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்கு எலும்பில் அமர்ந்து, பல ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும். அதனால் பழைய வேலையில் உடலில் சேர்ந்த ஈயம் எவ்வளவு என்பதை ரத்தச் சோதனை சரியாகக் காட்டாது. நெடுநாள் ஈயத்தையும் முதுமையின் அறிவுத்திறன் தேய்வையும் தொடர்புபடுத்திய முக்கிய ஆய்வுகள் எலும்பில் உள்ள ஈயத்தை அளந்தவை; அவையும் தனியொருவருக்கு நோய் வருமா என்று கணிப்பதில்லை. இப்போதும் பட்டறைக்குப் போகிறவர்கள் மட்டும், ஈயச் சோதனையைத் தனியாகக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு ஸ்டான்லி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போனோம். என்ன வேலை, எத்தனை ஆண்டு என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்டார். ஆய்வகத்தின் பதிவுப் படிவத்தில் தொழில் என்றொரு கட்டமே இல்லை.