தோட்டத்து மாங்காய்: வற்றலா, ஊறுகாயா, ஜாமா, ஃப்ரீசரா?

செங்கல்பட்டுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு நாட்டு மாமரமும் ஒரு நீலம் மரமும் நிற்கின்றன. சித்திரை கடைசியில் நாட்டு மரம் காய்த்துத் தள்ளும். கத்தரி வெயில் முடிந்து மற்ற இரகங்களெல்லாம் சந்தையில் குறையத் தொடங்கும்போது நீலம் பழுக்க ஆரம்பித்து, ஆனி வரை நீடிக்கும். மர நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்து, துரட்டியால் பறித்த காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பதும், உச்சிக் கிளைப் பழங்களைக் கிளிக்கும் அணிலுக்கும் விட்டுவிடுவதும், அக்கம்பக்கத்தாருக்குக் கூடையில் கொடுத்தனுப்புவதும் கோடையின் பெரிய இன்பங்கள். அவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சுவதை என்ன செய்வது என்ற கேள்விக்கு நாங்கள் நான்கு வழிகளையும் கையாண்டு பார்த்து, உப்பு வற்றலையே முதன்மையாகக் கொண்டிருக்கிறோம். ஏன் அந்த முடிவுக்கு வந்தோம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

சுவை, செலவு, உழைப்பு ஆகியவற்றில் பெரிய விவாதம் தேவையில்லை. பழத்தின் மணத்தையும் நிறத்தையும் ஃப்ரீசர் அளவுக்கு வேறெதுவும் காப்பதில்லை. குழந்தைகளுக்குப் பிடித்தது ஜாம். மோர் சோற்றுக்கு எண்ணெய் ஊறுகாயை மிஞ்சியது இல்லை. மிகக் குறைந்த செலவில் முடிவது வற்றல். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் பதப்படுத்திய பொருள் ஆனியில் எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது என்ன ஆகிறது, ஏதேனும் கோளாறு நேர்ந்தால் அதை மீட்க முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் தேர்வு முழுவதும் இந்த ஒரு காரணத்தின் மேல்தான் நிற்கிறது.

முதலில் ஃப்ரீசர். நன்கு பழுத்த பழத்தின் சதையைக் கூழாக்கிச் சிறு டப்பாக்களில் நிரப்பி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் வைத்தால் எட்டு மாதங்களுக்கு மேல் தாங்கும். ஆனால் ஒற்றைக் கதவுக் குளிர்ப்பெட்டிகளில் உள்ள மேலறை பெரும்பாலும் அந்தக் குளிர்நிலையை நிலையாகப் பிடித்து வைப்பதில்லை. அதைவிட முக்கியமானது மின்சாரம். நிரம்பிய ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் வைத்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது சுமார் 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை எண்ணினால், கோடையில் சேர்த்த பழக்கூழ் சரியாகப் புயல் பருவத்தில்தான் சோதனைக்கு உள்ளாகிறது என்பது புரியும். உருகி வெதுவெதுப்பான கூழை மறுபடி உறையவைத்துப் பயன்படுத்த முடியாது. தனி டீப் ஃப்ரீசரும் இன்வெர்ட்டரும் உள்ள வீடுகளில் நிலைமை மாறலாம். எங்கள் வீட்டில் அவை இல்லாததால் அந்த அனுபவத்தைக் கொண்டு நான் பேச முடியாது.

ஜாமைப் பொறுத்தவரை எனக்குப் பழக்கம் குறைவு. உறவினர் வீட்டில் உடன் நின்று செய்ததுதான் அதிகம். பழக்கூழின் எடைக்கு முக்கால் பங்கு முதல் சம பங்கு வரை சர்க்கரை சேர்த்து, சுமார் 105 டிகிரி வரை கொதிக்கவிட்டால் கரைதிடப்பொருள், அதாவது சர்க்கரை முதலான கரைந்த பொருள்களின் அளவு, 65 சதவீதத்தை எட்டும். அந்தச் செறிவில் நுண்ணுயிர்கள் எளிதில் வளர்வதில்லை. நன்றாகக் கனிந்த மாம்பழத்தில் புளிப்பு குறைவு என்பதால் எலுமிச்சைச் சாறு கட்டாயம் வேண்டும். ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் அரைப்பழத்தில்தான் மிகுதி, ஆகவே கூழில் சற்றுக் காயான பழத்தையும் கலந்தால் ஜாம் நன்றாக இறுகுகிறது. இத்தனைக்கும் பிறகு, திறந்த பாட்டிலை மீண்டும் குளிர்ப்பெட்டியில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இந்த வழி பாதியிலேயே அடைபட்டுவிடும்.

எண்ணெய் ஊறுகாயும் தொக்கும் உண்மையான போட்டியாளர்கள். பச்சை மாங்காயின் புளிப்பே ஒரு காப்பு. அதனுடன் உப்பும் கடுகும் சேர, மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்றை அண்டவிடாமல் தடுக்கிறது. பீங்கான் ஜாடியில் போட்டு, வாயில் வெள்ளைத்துணியால் வேடு கட்டி வைத்த ஆவக்காய் ஓர் ஆண்டுக்குக் குறையாமல் நிற்கும். ஆயினும் 1 கிலோ துண்டுக்கு அரை லிட்டர் வரை நல்லெண்ணெய் பிடிக்கிறது. தோட்டத்துக் காய் இலவசமாகக் கிடைத்தாலும் கைக்காசு கரைகிறது. அதன் பராமரிப்பும் ஆண்டு முழுவதும் தொடர்கிறது: எண்ணெய் மட்டம் துண்டுகளுக்கு மேலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், ஈரக் கரண்டி படக் கூடாது, அடிக்கடி கிளறிவிட வேண்டும். மேலே ஒரு துண்டில் பூஞ்சை பூத்துவிட்டால், அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தை உண்பது சரியில்லை. பெரிய ஜாடியாக இருந்தால் இழப்பும் பெரிது.

இனி வற்றல். நாட்டு மாங்காயைக் கொட்டை முற்றும் முன்பே பறித்து, காம்புப் பால் வடியவிட்டு, கழுவித் துடைத்து நீளவாக்கில் நறுக்குகிறோம். 1 கிலோ துண்டுக்கு ஏறத்தாழ 100 கிராம் கல் உப்பும் சிறிது மஞ்சள்தூளும் சேர்த்து ஜாடியில் போட்டு, நாள்தோறும் குலுக்கிவிட்டால் ஓரிரு நாளில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பிறகு காலையில் துண்டுகளைப் பிழிந்தெடுத்துத் தாம்பாளத்திலோ துணியிலோ பரப்பி மாடியில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே உப்புநீரில் போட்டு, அந்த நீர் முழுதும் துண்டுகளுக்குள் இறங்கும்வரை இதைத் தொடர வேண்டும். அதன்பின் துண்டு நன்றாக வற்றி, மடித்தால் ஒடியும் பதம் வரும்வரை வெயிலில் கிடக்க வேண்டும். 1 கிலோ துண்டு கால் கிலோ அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதால் வைக்க இடமும் அதிகம் வேண்டாம்.

வற்றலுக்கும் மழைக்காலம் சோதனைக் காலந்தான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்கத் தொடங்குகிறது. ஐப்பசியில் எங்கள் பகுதியில் அது பெரும்பாலான நாட்களில் அதற்கு மேலேயே இருக்கிறது. டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் வற்றல் பிசுபிசுத்துவிடும். ஆனால் பிசுபிசுப்பதும் கெடுவதும் ஒன்றல்ல. துண்டின் மேல் உருவாகும் அடர்ந்த உப்புக் கரைசலில், நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய நீர் மிகவும் குறைவு. பெரும்பாலான பாக்டீரியாக்களும் பூஞ்சைகளில் பலவும் அங்கே வளர்வதில்லை, மாங்காயின் புளிப்பும் அவற்றை ஒடுக்குகிறது. ஆகவே பூஞ்சை பிடிக்காத வற்றல் நெகிழ்ந்துபோனால், மழை விட்ட ஒரு நல்ல வெயிலில் பரப்பி எடுத்தால் பழைய பதத்துக்குத் திரும்பிவிடுகிறது. இந்த நான்கில் இப்படி மீட்டெடுக்கக் கூடியது வற்றல் ஒன்றுதான் என்பதாலேயே மற்றவற்றின் சுவையைக்கூட இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். புரட்டாசியில் மழைக்கு முன் ஒருமுறையும், தை வெயிலில் ஒருமுறையும் காயவைத்து, பெரிய டப்பாவுக்குப் பதிலாகச் சிறு கண்ணாடிப் பாட்டில்களில் பிரித்து இறுக மூடி, ஒன்று தீர்ந்தபின் அடுத்ததைத் திறப்பது என்பதே ஆண்டு முழுவதற்குமான வேலை.

தோட்டம் வைத்திருப்போருக்கு இன்னொரு சாதகம் உண்டு. கோடை மழைக்கு முன் வீசும் காற்றில் உதிரும் பிஞ்சும் காயும் பழுக்காது, ஜாமுக்கும் கூழுக்கும் பயன்படாது. அடிபட்ட இடத்தைச் செதுக்கிவிட்டால் வற்றலுக்கு அவை போதும். மேலும், முதிர்ந்து பழுக்கும் பருவத்துக் காய்களையே பழ ஈ மிகுதியாகத் தாக்குகிறது. ஆனி மழைக்குப் பின் நீலம் பழங்களை அறுத்தால் உள்ளே புழு நெளிவது அதனால்தான். ஆண் ஈக்களை மணத்தால் இழுக்கும் மீத்தைல் யூஜினால் பொறியைத் தொங்கவிடுவது அவற்றைக் குறைக்கிறது என்றாலும், ஒரு வீட்டில் மட்டும் வைத்தால் பலன் முழுமையாகக் கிடைப்பதில்லை. முன்பே காயாகப் பறித்துவிட்டால் அந்த இழப்பில் பெரும்பகுதி தவிர்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெயிலில் காய்வதால் வைட்டமின் சி கணிசமாகக் குறைகிறது. உப்பும் அதிகம், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சமைக்கும்போது வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, குழம்பில் வேறு உப்பைக் குறைத்துக்கொள்கிறோம், ஆனாலும் அது அவர்கள் தாராளமாக உண்ணக்கூடிய பொருள் அன்று. ஆனியில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வருவதால் நீலம் காயை வற்றலாக்குவது நாட்டுக்காய் அளவுக்கு எளிதாக அமைவதில்லை. ஆகவே நாட்டு மரத்துக் காயை வெயில் உச்சத்தில் இருக்கும்போதே வற்றலாக்கிவிட்டு, நீலத்தைப் பழமாக உண்ண விடுகிறோம்.

திறந்த மாடி இல்லாத அடுக்ககத்தில் இருப்போருக்கு நான் வற்றலைச் சொல்ல மாட்டேன். பால்கனியில் அரைநாள் வெயிலில் துண்டு உலர்வதற்கு முன் புளித்துவிடும். அவர்கள் காயைத் துருவி, எண்ணெய் பிரியும்வரை வதக்கி, சிறு பாட்டில்களில் தொக்காக வைத்துக்கொள்வதே நல்லது.